அண்ணி தட்டாத சட்டி

தும்மலுக்கு இடது தோள்பட்டை வலித்தது. கழுத்தடியில் ஆரம்பித்து, தோள் மூட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் காலை நீட்டிக்கொண்டிருந்தது அந்த வலி. போ போ என்று சொன்னாலும் போகாத விருந்தாளி மாதிரி. செங்கல் சூளையில் கல் சுமந்த காலத்தில் வந்தது. அவள் சூளையை விட்டாள், வலி அவளை விடவில்லை. இப்போது சிப்ஸ் தட்டைக் குலுக்கிக் குலுக்கி அதற்குத் தீனி வேறு போட்டுக்கொண்டிருந்தாள்.

தும்மல் என்பது வைத்த பெயர் இல்லை, ஒட்டிக்கொண்ட பெயர். மிளகாய்த்தூள் டப்பாவை எந்த அறையில் யார் திறந்தாலும் அடுத்த அறையில் இவள் தும்முவாள். சின்னத் தும்மலும் இல்லை. கூரைத் தகரம் ஒருமுறை அதிர்ந்து அடங்கும். இப்படிப்பட்டவளைப் பிடித்துப் பொடி தூவுகிற வேலையில் உட்காரவைத்தவள் அவளுடைய அண்ணி.

“தும்முறேன்னா மூக்கு உயிரோட இருக்குன்னு அர்த்தம். எனக்கு எண்ணெய்ப் புகையில மூக்கு செத்துப் பல வருஷமாச்சு. நீ மோந்து பாரு, நான் பொரிச்சுப் போடறேன்” என்றாள் அண்ணி.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் கரி பிடித்த அடுப்பு, அதன்மேல் ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கிற அளவுக்குச் சட்டி. இன்னொரு பக்கம் அகலத் தகரத் தட்டு, பொடி டப்பாக்கள், பாக்கெட்டுக்குச் சீல் போடுகிற சின்ன மெஷின். அண்ணி உருளைக்கிழங்கைச் சீவிப் பொரிப்பாள். தும்மல் பொடி தூவி, குலுக்கி, அடைப்பாள். அண்ணன் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விற்பான்.

அந்தக் கொட்டகையில் பேச்சைவிடப் பெரிய மொழி ஒன்று இருந்தது. சிப்ஸ் வெந்ததும் அண்ணி ஜல்லிக்கரண்டியால் அள்ளித் தட்டில் கொட்டிவிட்டு, சட்டியின் விளிம்பில் ‘டண் டண்’ என்று தட்டுவாள். அந்தச் சத்தத்துக்கும் தும்மலின் காலுக்கும் நடுவில் மூளை என்று எதுவும் குறுக்கே வராது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். சூடு ஆறுவதற்குள் பொடி விழ வேண்டும். சூடான சிப்ஸின் மேல் எண்ணெய் ஈரம் மினுமினுக்கும். பொடி விழுந்த இடத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆறவிட்டால் அது காய்ந்த சருகு. எவ்வளவு பொடியைக் கொட்டினாலும் எனக்கென்ன என்று வழுக்கிக் கீழே தள்ளிவிடும்.

அண்ணனின் வண்டி மூன்று திசைக்குப் போகும். மூன்று திசைக்கும் மூன்று நாக்கு. கல் உடைக்கிற மேட்டுப் பக்கம் போனால் உப்பு தூக்கலாக வேண்டும். வேர்வையில் போனதை அவர்கள் வாய்வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறவர்கள். துறைமுகப் பக்கம் மிளகாயும் எலுமிச்சை உப்பும் சேர்ந்து சுரீர் என்று இருக்க வேண்டும். நாள் முழுக்க மீன் நாற்றத்தில் நின்றவனுக்கு மெல்லிசான ருசியெல்லாம் மூக்கைத் தாண்டி உள்ளே போகாது. மலையடிவாரத்தில் குளிர், அங்கே மிளகும் பூண்டுத்தூளும். பாக்கெட் மாறிப் போய்விட்டால் அண்ணன் திரும்பி வரும்போது காதில் வாங்கிக்கொண்டு வந்த திட்டையெல்லாம் கொட்டகையில் இறக்கிவைப்பான்.

இந்த மூன்று நாக்கும் ஒன்றாக வந்து உட்கார்கிற இடம் ஒன்று உண்டு. ஊர் நடுவில் இருக்கிற சினிமாக் கொட்டகை. அதன் கேன்டீன்காரர் பல நாள் இழுத்தடித்துவிட்டு, “சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு சாம்பிள் சரக்கு கொண்டாங்க, பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தார். அவர் பிடித்துவிட்டது என்று சொன்னால் ஆட்டத்துக்கு ஆட்டம் சரக்கு போகும். இல்லையென்றால் தும்மல் திங்கட்கிழமை சூளைக்குத் திரும்ப வேண்டியதுதான். சிப்ஸ் கொட்டகையின் வருமானம் அண்ணன், அண்ணி இரண்டு வயிற்றுக்குக் காணும், மூன்றாவதுக்குக் காணாது. சூளை மேஸ்திரி வேறு ஆள் அனுப்பியிருந்தார்: “வரதுன்னா திங்கக்கிழமை வரச்சொல்லு. இடம் வெச்சிருக்கேன்.” அண்ணன் அதைச் சொன்னபோது தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான். தும்மலின் தோள்பட்டை அதைக் கேட்டு ஒருமுறை விண்ணென்று தெறித்தது.

இந்த நிலைமையில்தான் சண்டை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சினிமாவுக்கு எந்தப் பொடி என்கிற கேள்வியில்.

“மிளகுதான்” என்றாள் அண்ணி. “ஏசி போட்டு உள்ள குளுகுளுன்னு இருக்கும். குளிருக்கு மிளகு.”

“மிளகாயும் எலுமிச்சை உப்பும்தான் அண்ணி. இருட்டுல உக்காந்து திங்கறவன் கண்ணால பார்த்தா திங்கறான்? நாக்குல சுரீர்னு ஏறணும்.”

“உன் சுரீரு துறைமுகத்துக்குச் சரி. குடும்பத்தோட வர்றவன் கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டா படம் பார்ப்பான்?”

“அழுகைப் படம்னா செலவு மிச்சம்.”

அண்ணன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“பத்து வருஷமா சட்டி முன்னாடி வேகறவ நானு. எனக்கு இவ பாடம் நடத்தறா.”

“மூக்கு செத்தவங்களுக்கு வாசனையைப் பத்தி என்ன தெரியும்?” வாயிலிருந்து வந்துவிட்டது தும்மலுக்கு. வந்தது வந்ததுதான்.

அண்ணி ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தாள். “செங்கல் சுமந்தவளுக்கு ருசியைப் பத்தி என்ன தெரியும்?”

 அண்ணன் நடுவில் புகுந்தான். “பாதிப் பெட்டி மிளகு, பாதிப் பெட்டி மிளகாய். மிளகுக்குக் கறுப்பு நூல் கட்டுங்க, மிளகாய்க்குச் சிவப்பு நூல் கட்டுங்க. அவரு எதை எடுக்கறாரோ எடுத்துக்கட்டும். ஆளை விடுங்க.”

“நீங்களே சாட்சி” என்றாள் அண்ணி புருஷனிடம். “சினிமாக்காரரு மிளகு எடுத்தாருன்னா இவ ஒரு மாசம் தினம் என் காலைப் பிடிச்சு விடணும். மிளகாய் எடுத்தாருன்னா ஒரு மாசம் இவ தோளை நான் பிடிச்சு விடறேன். எண்ணெய் போட்டு.”

“சுடுதண்ணி ஒத்தடமும் சேர்த்துக்கச் சொல்லுண்ணே” என்றாள் தும்மல், கூரையைப் பார்த்து.

“சேர்த்துக்கிட்டேன்னு சொல்லுங்க” என்றாள் அண்ணி, அடுப்பைப் பார்த்து.

அதற்கப்புறம் இருவரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் அண்ணி முதல் ஈட்டைப் பொரித்துத் தட்டில் கொட்டினாள். தட்டவில்லை. கரண்டியைச் சத்தமில்லாமல் எண்ணெய்க்குள் விட்டுவிட்டு அடுத்த ஈட்டுக்குக் கிழங்கைப் போட்டாள்.

தும்மல் முக்காலியில் உட்கார்ந்து சிவப்பு நூலைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். சிப்ஸ் தட்டில் விழுந்தது அவளுக்குத் தெரியும். பார்க்கக்கூடச் செய்தாள். ஆனால் கால் எழவில்லை. டண் டண் இல்லாமல் அந்தக் கால் எழுந்து பழக்கமில்லை. பழகியிருந்தாலும் இன்றைக்கு எழுந்திருக்காது.

“சிப்ஸ் எடுத்தாச்சுன்னு சில பேருக்குக் கண்ணு தெரியறதில்ல போல” என்றாள் அண்ணி சட்டியிடம்.

“தட்டினா வருவோம். தட்டலைன்னா இன்னும் வேகலைன்னுதானே அர்த்தம்?” என்றாள் தும்மல் கிழங்கு மூட்டையிடம்.

சட்டியும் மூட்டையும் பதில் சொல்லவில்லை. தட்டில் இருந்தது ஆறியது. ஒவ்வொரு ஈடும் இப்படியே ஆறியது. நன்றாக ஆறியபிறகு தும்மல் அசைந்து வருவாள், மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி நிதானமாக. பொடியை அள்ளித் தூவுவாள். பொடி பிடிக்காமல் வழுக்கி ஓடும். அந்த ஆத்திரத்தில் இன்னும் ஒரு கை போடுவாள். மிளகானாலும் சரி, மிளகாயானாலும் சரி, கணக்கில்லாமல் விழுந்தது. அவள் தும்முகிற தும்மலில் பாதி பொடிக்காக, பாதி அண்ணிக்காக.

பொடி ஒட்டவில்லை என்று தும்மலுக்குத் தெரியும். அதை அண்ணியும் பார்த்தாள். ஆனால் சொல்ல வேண்டுமென்றால் பேச வேண்டுமே! பாக்கெட் எல்லாம் சீல் விழுந்து, பெட்டிகளில் ஏறி, கறுப்பு நூலும் சிவப்பு நூலும் கட்டியாகிவிட்டது. சாக்கில் ஒரு கிழங்குகூட மிச்சமில்லை.

அண்ணன் பெட்டி ஏற்ற வந்தான். வந்தவனுக்குப் பசி. ஒரு பாக்கெட்டைப் பிரித்து மேலே இருந்து அள்ளி வாயில் போட்டான். மென்றான். நின்றான். மறுபடி மென்றான்.

“என்ன இது? காகிதத்தைப் பொரிச்சீங்களா?”

இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். அண்ணன் சந்தேகத்தோடு கையைப் பாக்கெட்டின் அடிவரைக்கும் விட்டு, அங்கிருந்த நாலு சிப்ஸைப் பொடியோடு சேர்த்து வாரி வாயில் போட்டான். முதலில் அவன் காது சிவந்தது. அப்புறம் விக்கல். அப்புறம் ஒரு மாதிரியான சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடினான். குடத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து, கண்ணில் நீர் வழியத் திரும்பி வந்தான்.

“மேல பேச்சே இல்ல. கீழ கலவரம். உங்க ரெண்டு பேரையும் பாக்கெட்ல அடைச்ச மாதிரியே இருக்கு!”

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. மெதுவாக வண்டியில் சாய்ந்து நின்றான். “இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா தூக்கித் தலையிலதான் போடுவாரு” என்றான். அப்புறம் மெல்ல, “சரி. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கறேன்” என்றான்.

 தும்மலின் கை தானாக எழுந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டது. கல்லடுக்கின் கனம் ஏறுவதற்கு முன்னாலேயே உடம்பு அதற்காகக் கொஞ்சம் சரிந்து நின்றது.

அந்தச் சரிவை அண்ணி பார்த்தாள். ஒரு பாக்கெட்டை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள். இரண்டு குலுக்கு. உள்ளே அடியில் தேங்கியிருந்த சிவப்புப் பொடி சிப்ஸ் இடுக்கு வழியாகச் சரசரவென்று ஊர்ந்து இறங்கியது.

“தலைகீழா வை” என்றாள்.

“யாரைச் சொல்றீங்க?” என்றாள் தும்மல்.

“பெட்டியைத்தான் சொல்றேன். உன்னை அப்புறம் வெக்கிறேன்.”

முந்தின சாயங்காலத்துக்குப் பிறகு அண்ணி அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். தும்மலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

இத்தனை பெட்டியையும் கையால் குலுக்கினால் ஆட்டம் விட்டு ஜனம் வீட்டுக்குப் போயிருக்கும். யோசனையை அண்ணிதான் சொன்னாள். ஊர்க்கோடி மில்லுக்குப் பின்னால் ஒரு பழைய கல் ரோடு உண்டு. ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. பள்ளங்களை எல்லாம் ஒரு இடத்தில் கூட்டி வைத்த மாதிரி இருக்கும். லாரிகூட அந்தப் பக்கம் போவதில்லை.

“அந்த ரோட்டுலயா? என் வண்டி நடுவழியில பிரசவிச்சிடும்!” என்றான் அண்ணன்.

“பிரசவிச்சா ரெண்டு வண்டியாச்சு. ஏறுங்க” என்றாள் அண்ணி.

திட்டம் இதுதான். பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கிக் கல் ரோட்டில் விட வேண்டும். பாதி வழியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி வந்ததும் எல்லாப் பெட்டியையும் நேராகத் திருப்பிவிட வேண்டும். பொடி மேலே பாதி, கீழே பாதி, நடுவில் கொஞ்சம் என்று ஓரளவுக்குப் பரவிவிடும். பெட்டி உருளாமல் பிடித்துக்கொள்ள இரண்டு பேரும் பின்னால் ஏறிக்கொள்ள வேண்டும்.

வண்டி முதல் பள்ளத்தில் இறங்கியபோது அண்ணி பறந்து வந்து தும்மலின் மடியில் உட்கார்ந்தாள்.

“தள்-ளி உக்-காரு!” என்றாள், மடியில் இருந்துகொண்டே.

“நான் எங்-கே தள்-ற-து? நீங்-கதான் என் மே-ல!”

அடுத்த பள்ளத்தில் தும்மல் அண்ணியின் மடிக்குப் போனாள். கணக்கு நேராயிற்று. பெட்டிகள் மேலே எழும்பி, ஒரு கணம் காற்றில் யோசித்து, மறுபடி இறங்கின. அண்ணி ஒரு காலால் கறுப்பு நூலையும் ஒரு கையால் சிவப்பு நூலையும் அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. ஆனால் அது கன்னத்தோடு சேர்ந்து குலுங்கிக்கொண்டிருந்ததால் பார்க்கக் கோபம் மாதிரி இல்லை.

“நான் இன்-னும் உன்-னோட பேச-ல!” என்றாள்.

“யா-ரு பேசச் சொன்-னா!”

“இ-தைச் சொல்-றதுக்-குத்-தான் பேசி-னேன்!”

தும்மலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்க வாயைத் திறந்த நேரத்தில் வண்டி குதிக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். முன்னால் இருந்து அண்ணன் கத்தினான்: “என்ன ஆச்சு? யாரு அழறா?”

“உங்க தங்கச்சி சிரிக்-கிறா!”

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய பள்ளம் வந்தது. பெட்டி ஒன்று வாய் பிளந்தது. அதிலிருந்த நாலைந்து பாக்கெட் படபடவென்று வெடித்தன. கறுப்பு நூல் பெட்டி. மிளகும் பூண்டுமாக ஒரு மேகம் எழுந்து, பெட்டிகளோடு அவர்களையும் மூடியிருந்த தார்ப்பாய்க்குள் வெளியே போக வழி தெரியாமல் சுற்றியது. தும்மல் தன் தொழிலைத் தொடங்கினாள். முதல் தும்மலுக்கு அண்ணன் பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது என்று ஓரம் ஒதுங்கினான். இரண்டாவதற்கு ஒரு நாய் வேலியைத் தாண்டியது. மூன்றாவதற்காக அவள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

“ஹ... ஹா...”

தும்மல் திரும்பிப் பார்த்தாள். அண்ணி வாயைப் பிளந்துகொண்டு, கண் சொருகி, தார்ப்பாயை அண்ணாந்து பார்த்திருந்தாள். பயந்துவிட்டாள் இவள். மாரடைப்போ என்னவோ என்று கையைப் பிடித்தாள்.

“ஹாஆஆச்!”

அண்ணி தும்மினாள். பல வருஷத்துத் தும்மல். உள்ளே தங்கிப்போன அத்தனை எண்ணெய்ப் புகையும் ஒரே மூச்சில் வெளியே வந்த மாதிரி. தலைமுடி அவிழ்ந்து விழுந்தது.

“அண்ணி! உங்க மூக்கு!”

“செத்-துதுன்-னு நெனச்-சேனே!” அண்ணி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பது போல. “வாச-னை வரு-துடி! பூண்-டு வரு-து! உன் தலை-யில எண்-ணெய் வர்-து! சீ, என்-ன எண்-ணெய் தட-வற நீ?”

“நம்-ம சட்-டி எண்-ணெய்-தான்!”

அதற்குமேல் இரண்டு பேரும் மனுஷர்களாக இல்லை. தும்முவதும் சிரிப்பதும், ஒருத்தி மேல் ஒருத்தி விழுவதும், வயிற்றைப் பிடித்துக்கொள்வதுமாக உருண்டார்கள். பெட்டிகளும் கூடச் சேர்ந்து உருண்டன. தார்ப்பாய் இடுக்கில் தண்ணீர்த் தொட்டி வந்தது. பெரியதாக, வெள்ளையாக, வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, போயும் போய்விட்டது. அவர்கள் அதைப் பார்த்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அண்ணி அதைக் காட்டி, “அந்-தத் தொட்-டி மாதி-ரி இருந்-துச்சு என் மூக்-கு, அடைச்-சுப் போயி” என்றுகூடச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

சினிமாக் கொட்டகையின் பின்வாசலில் வண்டி நின்றது. அண்ணன் இறங்கி வந்து தார்ப்பாயைத் தூக்கினான். முகமெல்லாம் பொடியோடு, முடி அவிழ்ந்து, கண் சிவந்து இரண்டு உருவங்கள் உள்ளே விக்கிக்கொண்டிருந்தன.

“தொட்டிகிட்டத் திருப்பினீங்கல்ல?”

சிரிப்பு நின்றது. தும்மல் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பெட்டியைப் பார்த்தாள். எல்லாப் பெட்டியும் தலைகீழாகவே உட்கார்ந்திருந்தன. அடியில் இருந்த பொடி மொத்தமும் இந்நேரம் மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பிரிக்கிற வாய்ப் பக்கத்துக்கு.

அதற்குள் கேன்டீன்காரர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, தோளில் ஒரு துடைக்கிற துணி. பேசும்போதுகூட எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். துடைக்க ஒன்றும் இல்லாததால் வண்டியின் ஓரத்தைத் துடைத்தார்.

“இதானா சரக்கு? ஏன் இவங்க ரெண்டு பேரும் அழுதுட்டு வந்திருக்காங்க?”

“சந்தோஷம் சார்” என்றான் அண்ணன்.

கேன்டீன்காரர் ஒரு கறுப்பு நூல் பெட்டியை அறுத்து, பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, மேலிருந்து இரண்டு சிப்ஸைப் போட்டுக்கொண்டார். தும்மல் கண்ணை மூடிக்கொண்டாள். சூளையின் புகை தெரிந்தது.

தும்மல் சத்தம் கேட்டது. அவளுடையது இல்லை. கேன்டீன்காரர் தும்மினார், இருமினார், துடைக்கிற துணியாலேயே மூக்கைத் துடைத்தார், அப்புறம் அதைப் பார்த்துவிட்டு வேறு தோளுக்கு மாற்றினார். சிவப்பு நூல் பெட்டியை அறுத்தார்.

சிவப்பு வேறு மாதிரி வேலை செய்தது. முதல் வாய்க்கு அவருடைய புருவம் மேலே போனது. காது சிவந்தது. வாய் ஊறியது வெளியே தெரிந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்க் குளிர்பெட்டியிலிருந்து ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். வைத்துவிட்டு மறுபடி பாக்கெட்டில் கையை விட்டார். மறுபடி ஒரு பாட்டில். அதற்கப்புறம் கை அடியை நோக்கிப் போயிற்று. அங்கே உறைப்பே இல்லாத வெறும் சிப்ஸ். அவர் அதை மெதுவாக, சுகமாக, யாரோ விசிறிவிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

பிறகு இரண்டு காலிப் பாட்டிலையும் பார்த்தார். குளிர்பெட்டியைப் பார்த்தார். நீண்ட நேரம் எதையுமே துடைக்கவில்லை.

“மேல காரம், கீழ சாதா. இது யாரு யோசனை?”

அண்ணன் பின்னால் இருந்த இருவரையும் பார்த்தான். “அது வந்து சார்...”

“இத்தனை வருஷமா எனக்கு சிப்ஸ் போடறானுங்க. படம் பார்க்க வர்றவன் வாங்கறான், உள்ள போறான், கமுக்கமா தின்னுட்டு வீட்டுக்குப் போயிடறான். இதைப் பிரிச்சு முதல் கை வாயில வெச்சவன் எழுந்து எங்க ஓடி வருவான்? என்கிட்டத்தான்! கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் குடிச்சிட்டு, மிச்சத்தை நிம்மதியாத் தின்னுட்டு, சந்தோஷமா படம் பார்ப்பான். திட்டக்கூட மாட்டான்.” அவர் கறுப்பு நூல் பெட்டியைக் காலால் தள்ளினார். “மிளகு வேணாம். இருட்டுல ஒருத்தன் தும்மினா பக்கத்துல இருக்கறவன் அடிக்க வருவான். மிளகாய் போடுங்க. ஆட்டத்துக்கு ஆட்டம். இதே மாதிரி. ஒரு இம்மி மாறினாலும் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

வண்டியில் ஏறிய பிறகு தும்மல் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். “அண்ணே” என்றாள், “மேஸ்திரிகிட்ட நீ பேச வேணாம். நானே போய்ச் சொல்லிக்கறேன். நேர்ல பார்த்துச் சொல்லணும்போல இருக்கு.” அண்ணி அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டே, “நானும் வரேன். எனக்கு அந்த ஆளு மூஞ்சியைப் பார்க்கணும்” என்றாள். திரும்பும்போது நல்ல ரோட்டில்தான் வந்தார்கள். ஆனாலும் குலுங்கிக்கொண்டே வந்தார்கள்.

அடுத்த சரக்குக்கு அடுப்பு ஏறிய அன்று கொட்டகையில் அப்படி ஒரு சமாதானம். அண்ணி முதல் ஈட்டைக் கொட்டிவிட்டு, சந்தோஷத்தில் சட்டி விளிம்பில் டண் டண் என்று தட்டினாள். தும்மல் ஓடி வந்தாள். பொடி தூவினாள். சுடச்சுட, மினுமினுவென்று, ஒவ்வொரு சிப்ஸிலும் ஒரே சீராக. அவள் கையில் இதுவரைக்கும் விழுந்ததிலேயே நல்ல சரக்கு.

கேன்டீன்காரர் ஒன்று தின்றுவிட்டுப் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பினார். “இது எல்லாரும் போடற சிப்ஸ். எனக்கு வேண்டியது அன்னிக்குப் போட்டது. இன்னொரு தடவை பார்ப்பேன். அவ்வளவுதான்.”

ஆறவிட்டுத் தூவினால் சரியாகப் போயிற்று, இதில் என்ன பெரிய வித்தை என்று யாரும் கேட்கலாம். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அண்ணி தட்ட மாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் சிப்ஸைக் கொட்டினாள். கொட்டிய கை தானாகப் போய்த் தட்டியது. கரண்டி முனையில் துணியைச் சுற்றினார்கள்; கை தட்டி, சத்தம் வராததால் அண்ணி வாயாலேயே “டண் டண்” என்றாள். வாயைப் பொத்திக்கொண்டால் காலால் தரையில் உதைத்தாள். எந்தச் சத்தம் கேட்டாலும் தும்மலின் கால் எழுந்து ஓடியது. தட்டுப் பக்கம் வந்துவிட்டால் கை சும்மா இருக்குமா? முக்காலியோடு சேர்த்துத் தும்மலைக் கட்டிப்போட்டார்கள். முக்காலியோடு ஓடி வந்தாள்.

“சண்டை போட்டாத்தான் ஆகும்” என்றாள் அண்ணி, மூச்சு வாங்க.

“போடுங்க.”

“செங்கல் சுமந்தவளே!”

“மூக்கு செத்தவங்களே!”

“எங்கடி செத்துது? அன்னிக்கே எழுந்துடுச்சே!” என்று அண்ணி சிரித்தாள். இவளும் சிரித்தாள். சட்டியில் ஒரு ஈடு கருகியது. பழைய வசவு எதையெதையோ எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நமுத்துப் போயிருந்தது. ஒன்றுகூட மொறுமொறுப்பாக இல்லை.

கடைசியில் அண்ணன்தான், வாசலில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவன், ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான். “ஆமா, அந்தப் பந்தயம் என்னாச்சு? மிளகாய்தானே ஜெயிச்சுது? தோளு பிடிச்சு விட்டாச்சா?”

தும்மல் நிமிர்ந்தாள். “ஆமாம் அண்ணி. எப்போ பிடிச்சு விடப்போறீங்க? எண்ணெய், ஒத்தடம் எல்லாம் சொன்னீங்களே.”

“என்ன பந்தயம்? மிளகாய் எங்க ஜெயிச்சுது? தலைகீழா வெச்சது ஜெயிச்சுது. வெக்கச் சொன்னது யாரு? நானு!”

“அவரு மிளகு வேணாம்னு காலால தள்ளினாரே, நீங்க பார்க்கலை?”

“பெட்டி கனம்னு தள்ளினாரு!”

“ஐயோ, இப்படியா பொய் சொல்லுவாங்க ஒரு மனுஷி! வாக்குன்னா ஒரு மரியாதை வேணாம்?”

“யாருடி மரியாதை இல்லாதவ? இனிமே என்கிட்டப் பேசாதே!”

“பேசலை!”

அண்ணி கிழங்கைச் சட்டியில் போட்டாள். எடுத்தாள். தட்டில் கொட்டினாள். கரண்டி விளிம்பின் பக்கமே போகவில்லை. தும்மல் முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சிவப்பு நூலை வெட்டினாள். சிப்ஸ் அமைதியாக, அழகாக, ஜில்லென்று ஆறியது. வாசலில் அண்ணன் சத்தமில்லாமல் வண்டியைக் கல் ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினான்.

அதுதான் வழக்கமாகிவிட்டது. மற்ற சரக்குக்கெல்லாம் கொட்டகையில் சிரிப்பும் டண் டண்ணும். கேன்டீன் சரக்கு போடுகிற அன்றைக்கு மட்டும் தும்மல் காலையில் வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு, “எப்போ அண்ணி?” என்பாள். அண்ணிக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வரும். சாயங்காலம் கல் ரோட்டில் இரண்டாவது பள்ளம் வருவதற்குள் அணைந்துவிடும். ஒரு நாள் அண்ணி மனம் இளகி, எண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தேவிட்டாள். அண்ணன் ஓடி வந்து கிண்ணத்தைப் பிடுங்கினான். “பிடிச்சு விட்டுட்டா அப்புறம் எதை வெச்சுச் சண்டை போடுவீங்க? அடுத்த வாரம் யாரு சூளைக்குப் போறது?” என்றான். மூன்று பேரும் கொஞ்ச நேரம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அண்ணி அந்த எண்ணெயைச் சட்டியிலேயே ஊற்றிவிட்டாள்.

சினிமாக் கொட்டகையில் முதல் கை வாயில் வைத்தவன் இன்றைக்கும் எழுந்து ஓடுகிறான். தும்மலுக்கு இடது தோள்பட்டை இன்றைக்கும் வலிக்கிறது. அண்ணி அவளுக்கு ஒரு மாதம், எண்ணெய் போட்டு, சுடுதண்ணீர் ஒத்தடத்தோடு, தினமும் தோள் பிடித்துவிட வேண்டும். இன்னும் ஒரு நாள்கூடப் பிடித்துவிடவில்லை.